23 விஷயங்கள்: நூலகருக்கு ஒரு பாடம், நமக்கு ஒரு வேலை



தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ உள்ள ஒரு நூலகத்துக்கு நேத்து புதுப் புத்தகங்கள் வந்திருக்குன்னு வச்சுக்குவோம். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் ஒரு அக்காவுக்குத் தேவையான புத்தகமும் அதில் இருக்கு. அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? நூலகத்துக்குள்ள போனாத்தான் தெரியும். ஆனா அவங்க ஒரு நாளைக்குப் பத்து தடவை பார்ப்பது வாட்ஸ்அப்பை. புத்தகம் அலமாரியில் தூங்கும். அக்கா அதே புத்தகத்தைக் காசு கொடுத்து ஆன்லைன்ல வாங்குவாங்க. வாங்க முடியாதவங்க அது இல்லாமலே தேர்வு எழுதுவாங்க.

இந்த இடைவெளியைக் குறைக்கணும்னா நூலகத்தில் வேலை பார்ப்பவருக்கு இணையக் கருவிகள் கைவரணும். "ஒரு நாள் பயிற்சி வகுப்பு வச்சாப் போச்சு" என்று தோன்றும். ஆனால் ஒரு நாள் கேட்டது மறுவாரமே மறந்துபோகும். இதற்கு நல்ல வழி ஒன்று 2006-லேயே கண்டுபிடிக்கப்பட்டது.

சார்லட் நூலகத்தில் நடந்தது

அமெரிக்காவின் வட கரோலைனாவில் உள்ள சார்லட் மெக்லன்பர்க் பொது நூலகத்தில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர் ஹெலன் ப்ளோவர்ஸ். அங்கே வேலை பார்த்த எல்லோருக்குமாக 2006-ல் ஒரு திட்டம் போட்டார். அதன் பெயர் 'லேர்னிங் 2.0'. ஆனால் '23 விஷயங்கள்' என்றால்தான் நூலக உலகத்தில் எல்லோருக்கும் புரியும்.

வலைப்பூ தொடங்குவது, படம் ஏற்றுவது, செய்தியோடை படிப்பது, விக்கியில் எழுதுவது, பாட்காஸ்ட் கேட்பது என்று 23 சின்னச் சின்ன வேலைகள். ஆசிரியர் கிடையாது, பரீட்சையும் கிடையாது. ஒவ்வொருவரும் தானே செய்து பார்த்து, என்ன புரிஞ்சது, எங்கே முட்டிக்கிச்சு என்பதைத் தன் வலைப்பூவில் எழுத வேண்டும். முடித்தவர்களுக்கு எம்பி3 பிளேயர் பரிசு!

இந்தத் திட்டத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதியும் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் தொடங்கி உலகம் முழுக்கப் பல நூலகங்கள் அதைத் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றி நடத்தின.

இதில் நமக்கு ஒரு முக்கியமான பாடம் இருக்கு. அந்தப் பட்டியலில் இருந்த பிளாக்லைன்ஸ் போன்ற சேவைகள் இன்று வழக்கிலேயே இல்லை. ஆனால் அன்று தட்டுத் தடுமாறிக் கற்றவர்களுக்குப் புதுசா ஒன்று வந்தால் பயப்படாமல் திறந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. கருவி மாறிக்கிட்டே இருக்கும், அந்தப் பழக்கம்தான் கடைசி வரை உதவும்.

நமக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகரைத் தேடித் தர வேண்டும் என்கிறார். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனது ஒரு நடமாடும் நூலகம். வாசகர் இருக்கும் இடத்துக்கு நூலகம் போனது. இன்று வாசகர் இருக்கும் இடம் கைபேசி.

நம்ம மாவட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. ராமநாதபுரம் சேதுபதி மரபில் வந்த பாண்டித்துரைத் தேவர் 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். மதுரையிலேயே கேட்ட தமிழ் நூல் கிடைக்காமல் போனதுதான் அதற்குக் காரணம் என்று சொல்வார்கள். அந்தச் சங்கத்தில் ஒரு நூலகமும் அமைந்தது.

பாம்பனில் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி 90.4 அலைவரிசையில் மீனவர்களுக்காகவே பேசுகிறது. கேட்பவரின் மொழியில், அவருக்கு வேண்டிய தகவலை, அவர் கையில் இருக்கும் கருவி வழியாகவே சொல்வது அதன் வேலை. நூலகமும் அதைத்தான் செய்யணும்.

கடற்கரைக்கு ஏற்ற 7 விஷயங்கள்

23 நமக்கு அதிகம். வாரம் ஒன்று, தினம் 15 நிமிடம் என்று இந்த ஏழோடு தொடங்கலாம்.

1. தமிழில் தட்டச்சு. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்தாக வரும். யூனிகோடில் அடித்தால் எங்கும் தெரியும். போனில் பேசியே தட்டச்சு செய்யவும் முடியும்.

2. கூகுள் மேப். நூலகத்தின் பெயர், திறக்கும் நேரம், விடுமுறை நாள், வாசல் படம். இது சரியாக இருந்தாலே "பூட்டிக் கிடக்குமோ"ங்கிற சந்தேகம் போயிடும்.

3. வாட்ஸ்அப் சேனல். குரூப் வேண்டாம். குரூப்பில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே பல பெண்கள் சேரத் தயங்குவாங்க. சேனலைப் பின்தொடர்பவரின் எண் மற்றவருக்குத் தெரியாது.

4. புது வரவுப் படம். ஜன்னல் வெளிச்சத்தில் அட்டையைப் படம் எடுத்து, இரண்டு வரி அறிமுகத்தோடு போடலாம். முழுப் புத்தகத்தையும் படம் பிடித்துப் பிடிஎஃப் ஆக்கிப் பகிர்வது பதிப்புரிமை மீறல்.

5. கூகுள் ஃபார்ம். "எந்தப் புத்தகம் வேணும்?" என்று கேட்கும் படிவம். அதை ஒரு கியூஆர் குறியாக வாசலில் ஒட்டலாம். அடுத்த முறை புத்தகம் வாங்கும்போது கையில் ஒரு பட்டியல் இருக்கும்.

6. மின்னூலகங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், தேசிய மின்னூலகம், இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கும் நூலகம் இணையதளம். மண்டபம் முகாமில் வாழும் ஒரு பெரியவருக்கு, தன் ஊரில் வெளிவந்த பழைய இதழ் ஒன்றைத் திரையில் காட்ட முடிந்தால் எப்படி இருக்கும்!

7. சரிபார்த்தல். 1964-ல் தனுஷ்கோடியைப் புயல் அழித்த கடற்கரை இது. புயல் சின்னம் உருவானாலே பழைய வீடியோக்கள் புதுசு மாதிரி சுத்தும். படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டு எப்போது எடுத்தது என்று தேடுவது, வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பையும், ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் தரும் அலை முன்னறிவிப்பையும் நேரடியாகப் பார்ப்பது, இரண்டும் நூலகருக்குத் தெரியணும். கடலுக்குப் போறவங்க வீட்டில் ஒரு தப்பான ஃபார்வேர்டு என்ன பண்ணும்னு சொல்ல வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை

யார் என்ன புத்தகம் எடுத்தார் என்பது வாசகரின் சொந்த விஷயம். அதைச் சேனலில் போடக் கூடாது. குழந்தைகளின் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் போடக் கூடாது. நூலகத்துக்குத் தனி மின்னஞ்சல், இரண்டடுக்குப் பாதுகாப்பு, அடுத்து வரும் நூலகரிடம் ஒப்படைக்கும் வகையில் எழுதி வைத்த கடவுச்சொல் ஆகியவை அவசியம். நூலகர் மாற்றலாகிப் போகும்போது பக்கமும் அவரோடு போய்விடக் கூடாது.

நம்ம வேலை என்ன?

இதெல்லாம் நமக்குச் சாதாரணம். பல ஊர் நூலகங்களில் ஒரே ஆள்தான் கதவைத் திறந்து, பதிவேடு எழுதி, அலமாரி அடுக்கி, பூட்டிட்டுப் போறார். அவரிடம் போய் "இதுகூடத் தெரியாதா சார்?" என்று கேட்டால் அன்றோடு முடிஞ்சது.

செமஸ்டர் லீவுல ஊருக்குப் போகும்போது ஒரு வாரம் நூலகத்துல உட்காருங்க. போனை நீங்க வாங்கித் தட்டாதீங்க; அது அவர் கையிலேயே இருக்கட்டும். முதல் தடவை சொல்லுங்க, இரண்டாவது தடவை பக்கத்துல இருங்க, மூணாவது தடவை சும்மா இருங்க. பதிலுக்கு, எந்தத் தெருப் பிள்ளை என்ன படிக்குது என்று அவருக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கோங்க. அது எந்த ஆப்பிலும் கிடைக்காது.

நம்ம வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுறோம். அந்த நூலகத்தில் இருக்கும் புத்தகம் அந்த அக்கா கைக்குப் போகணும். முதல் வேலையாக, உங்க ஊர் நூலகம் கூகுள் மேப்பில் இருக்கான்னு இப்பவே தேடிப் பாருங்க.