பெயரை அடித்துவிடாதே

கோவில்பட்டி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். போன வாரம் நீ ஃபோனில் அழுததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. உன் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து அங்கே வந்து நிற்பான்.

வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் அந்த டியூஷன் கம்பெனிக்குப் போய்விடலாமா என்று கேட்டாய். சம்பளம் கூடுதல். மழை பெய்தால் பஸ் வராத ஊரில் தனியாகக் கிடக்க வேண்டாம். சிநேகிதிகள் பக்கத்தில் இருப்பார்கள். எல்லாம் நியாயம்தான். உன் வாழ்க்கை, நீதான் முடிவெடுக்க வேண்டும். நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஆனால் அன்றைக்குப் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை பொங்கல் லீவுக்குப் போனவள் திரும்பவே இல்லை, எமிஸ் வருகைப் பதிவில் தினமும் ஆப்சென்ட் போட்டே கை ஓய்கிறது என்றாய். வேலைப் பளுவைச் சொல்ல வந்து அதைச் சொன்னாய். எனக்கு அந்தப் பிள்ளை மட்டும்தான் மனசில் நிற்கிறாள்.

உன் பெரியத்தைக்கு நடந்தது உனக்குத் தெரியும். திரும்பச் சொல்ல வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஏழாம் வகுப்பில் கணக்கில் அவள்தான் முதல். மானாவாரிப் பருத்தி பொய்த்த வருஷம், தாத்தா அவளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பினார். விடிவதற்கு முன்னால் வண்டி வரும். அரைத் தூக்கத்தில் அவளை ஏற்றிவிட ஆச்சி வாசலில் நிற்பாள். பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் பார்த்தார்கள், பெயரை அடித்துவிட்டார்கள். ஒரு வாத்தியார், ஒரே ஒரு வாத்தியார்கூட, நம் தெருப்பக்கம் வரவில்லை. இன்றைக்கும் அவள் எதையும் குரோசில்தான் எண்ணுவாள். 144 பெட்டி ஒரு குரோசு. 17 குரோசுக்கு எத்தனை பெட்டி என்று கேட்டுப் பார், நீ வாய் திறப்பதற்குள் 2,448 என்பாள். நீ எம்.எஸ்சி. கணக்கு படித்தவள், உனக்குத் தெரியும் அது எப்படிப்பட்ட தலை என்று. தாத்தா மேல் எனக்குக் கோபம் ஆறிவிட்டது. அவருக்குக் கடன் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் ஆறவில்லை.

1978-இல் என் முறை வந்தது. நானும் ஒன்பதாம் வகுப்புதான். மூன்று வாரம் போகவில்லை, முற்றத்தில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தலை நிமிர்ந்தால் கணக்கு டீச்சர் வாசலில் நிற்கிறார்கள். மணிக்கட்டு வரைக்கும் பசை எனக்கு. கையைப் பாவாடையில் துடைத்துப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் கிடந்த சாக்கில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு தாளை எடுத்து மடித்து ஒட்ட ஆரம்பித்தார்கள். முதல் பெட்டி கோணலாக வந்தது. "இப்படியா?" என்று என்னிடம் கேட்டார்கள். நான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை குரோசு, குரோசுக்கு எவ்வளவு கூலி என்றெல்லாம் விசாரித்தார்கள். தாத்தாவுக்கு ஒரு வார்த்தை உபதேசம் கிடையாது. எழுந்து போகும்போது மட்டும் சொன்னார்கள்: "அவள் பெயரை நான் இன்னும் அடிக்கவில்லை. திங்கட்கிழமை வரை பார்ப்பேன்."

திங்கட்கிழமை நான் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தார்கள், அதே சாக்கு, அதே வார்த்தை. மூன்றாவது சனிக்கிழமை அவர்கள் தலையைக் கண்டதும் தாத்தா கொல்லைப் பக்கமாக வெளியே போய்விட்டார். அன்றைக்குத்தான் ஆச்சி பேசினாள். அந்த வீட்டில் அவள் முடிவென்று ஒன்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "பிள்ளை போகட்டும் டீச்சர்" என்றாள்.

போன பிறகும் லேசாக இல்லை. மத்தியானம் பசிக்கும். காமராஜர் 1956-இல் கொண்டுவந்த மதிய உணவு தொடக்கப் பள்ளியோடு நின்றுவிட்டது. எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய சத்துணவு பெரிய வகுப்புகளுக்கு வந்தது 1984-இல். அதற்குள் நான் படித்து முடித்துவிட்டேன். டீச்சர் தன் டிபன் கேரியரின் மேல் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, பேப்பர் திருத்துகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நான் சாப்பிட்டதை ஒருநாளும் பார்த்ததில்லை.

அக்னிச் சிறகுகள் புத்தகத்தை நீதான் வாங்கித் தந்தாய். அதில் ராமேஸ்வரத்தில் அப்துல் கலாமின் அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார். ஐயர் மனைவி பரிமாற மாட்டேன் என்பார். ஐயரே பரிமாறிப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார், அதோடு விடாமல் அடுத்த வாரமும் கூப்பிடுவார். அந்த இரண்டாவது தடவைதான் பெரிசு, பாப்பா. முதல் தடவை யாரும் நல்லவராக இருந்துவிடலாம்.

பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணித்தான் நர்ஸ் டிரெயினிங் போனேன். 36 வருஷம் கிராமம் கிராமமாக நடந்தேன். உன் அப்பாவின் காலேஜ் ஃபீஸ் எந்தச் சம்பளத்தில் கட்டியது என்று அவனையே கேள். அந்தக் காலேஜ் இல்லாமல் உனக்கு எம்.எஸ்சி. இல்லை, பி.எட். இல்லை, டெட் தேர்வில் 150-க்கு 97 இல்லை.

அந்த 36 வருஷத்தில் நான் கர்ப்பப் பதிவு போட்ட பதினாறு வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்! ஆதாரில் ஒரு வயது, ஆத்தாள் சொல்வது ஒரு வயது. கையைப் பிடித்து ரத்த அழுத்தம் பார்க்கும்போது "எந்த வகுப்பில் நின்றாய்?" என்று கேட்பேன். எட்டு, ஒன்பது என்பார்கள். "யாராவது தேடி வந்தார்களா?" என்பேன். தலையை ஆட்டுவார்கள், இல்லை என்று. அதனால்தான் அந்தப் பிள்ளையைப் பற்றி நீ சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கேள். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போ, தனியாகப் போகாதே. அந்த ஊர் நர்ஸையோ அங்கன்வாடி டீச்சரையோ கூட்டிக்கொள், அவர்களுக்கு வீடு வீடாகத் தெரியும். வேலை முடிந்து ஆத்தாளும் தகப்பனும் திரும்பியிருக்கிற சாயங்காலமாகப் பார்த்துப் போ. போனதும் சட்டம் பேசாதே, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடி. பாட்டி இருந்தால் அவளிடம் பேசு. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பிள்ளை காலேஜ் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது என்று ஆத்தாளிடம் சொல், பணக் கணக்கு அவளுக்குத்தான் புரியும். கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தால் யோசிக்காதே, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடி.

சென்னைக் கம்பெனியில் பணம் கட்டிய பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். வராத பிள்ளையைத் தேடிப் போக அங்கே யாருக்கும் வேலை இல்லை. அதை மட்டும் நினைத்துக்கொண்டு முடிவு எடு.

ரொம்பப் பேசிவிட்டேன். உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, தாயி. ஒரு வருஷமாகத் தனியாகச் சமைத்து, தனியாகப் படுத்து, அறுபது பிள்ளைகளுக்குத் தொண்டை வற்றக் கத்துகிறாய் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயசில் என் முதுகிலேயே தூங்கிப்போன பிள்ளை நீ. நீ எங்கே இருந்தாலும் என் பிள்ளைதான். சென்னைக்கே போனாலும் உனக்கு வீடு பார்த்து, பால் காய்ச்ச முதல் ஆளாக நான் வந்து நிற்பேன். ராத்திரி பயமாக இருந்தால் சொல், ஒரு மாதம் உன்னோடு வந்து இருக்கிறேன், எனக்கு இங்கே என்ன வேலை? இரண்டு கிலோ கடலைமிட்டாய் பார்சல் போட்டிருக்கிறேன், பிள்ளைகளுக்கும் கொடு. வேளைக்குச் சாப்பிடு.

வருகிற சனிக்கிழமை அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டு எனக்கு ஃபோன் பண்ணு. எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

உன் அத்தை