ஓமலூரில் வேலை பார்த்தபடியே கணினி டிகிரி: எங்கிருந்து தொடங்குவது?

தாரமங்கலம் விசைத்தறிப் பட்டறையில் கணக்கு எழுதுபவர், ஓமலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தருபவர், சேலத்து மருந்துக் கடையில் பில் போடுபவர் போன்றவர்களுக்காக எழுதுகிறேன். சம்பளத்தை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போக உங்களால் முடியாது. போகவும் தேவையில்லை, தொலைநிலையில் படிக்கலாம். கணினியைச் செய்து பழகித்தான் கற்க முடியும். செய்து பழக ஒரு வேலையிடம் கையில் இருப்பது ரெகுலர் மாணவருக்குக் கிடைக்காத வசதி.

முதலில் உங்கள் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். தமிழக அரசு வேலைக்குப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அல்லது அதற்கு இணையான டிப்ளமோ, பிறகு டிகிரி என்ற வரிசை வேண்டும். இடையில் ஒரு படி விடுபட்டால், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய டிகிரி அங்கே செல்லாது. பிளஸ் டூவில் அரியர் இருந்தால் அதை முதலில் முடியுங்கள்.

அடுத்தது எங்கே சேர்வது என்பது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவும் (தொடக்கம் 1985) தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் (தொடக்கம் 2002) பி.சி.ஏ. நடத்துகின்றன. இக்னோவில் மூன்றாண்டுப் படிப்பை ஆறு ஆண்டு வரை இழுத்து முடிக்கலாம். ஷிப்ட் வேலைக்காரருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் லேப் வகுப்புக்கு நேரில் போயே ஆக வேண்டும், வருகைப் பதிவும் பார்ப்பார்கள். அதனால் படிப்பு மையம் எந்த ஊரில் என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பக்கம்தான். அங்கே தொலைநிலையில் இந்த ஆண்டு எந்தெந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறது என்று ஒரு விடுப்பு நாளில் நேரில் கேட்டுவிடலாம்.

கணக்கில் தைரியம் உள்ளவர்களுக்கு என் பரிந்துரை, சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பு. ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். வகுப்பு ஆன்லைனில், முக்கியத் தேர்வுகள் நேரில். நடுவில் நிறுத்த நேர்ந்தாலும் அதுவரை முடித்த கட்டத்துக்கு ஏற்பச் சான்றிதழ், டிப்ளமோ, பி.எஸ்சி. என்று ஏதாவது ஒன்று கையில் இருக்கும். குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் கட்டணச் சலுகையும் உண்டு. பிளஸ் டூ முடித்தவுடன் வேலையும் படிப்பும் சேர்ந்தே வேண்டுமென்றால் எச்.சி.எல். நிறுவனத்தின் டெக்பீ திட்டம் இருக்கிறது. ஆனால் பணி ஒப்பந்தத்தைப் பெற்றோரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

எங்கே சேர்ந்தாலும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் படிப்பு, அந்த ஆண்டு ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டெப் ஐடி என்ற அடையாள எண்ணையும் அங்கேயே எடுக்க வேண்டும். "தொலைநிலையில் பி.இ. வாங்கித் தருகிறோம்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பொறியியல் டிகிரியைத் தொலைநிலையில் தர விதிகளில் இடமில்லை.

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் இங்கிலீஷைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். தமிழக அரசின் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில் பைதானும் மைஎஸ்கியூஎல்லும் தமிழிலேயே இருக்கின்றன, அந்தப் பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கணியம் தளத்தில் து.நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' உள்ளிட்ட நூல்களும் இலவசமே. விஷயம் தமிழில் பிடிபட்டுவிட்டால் இங்கிலீஷ் பாடத்தின் பாரம் பாதியாகக் குறைந்துவிடும்.

இனி வேலையைப் படிப்புக்குள் கொண்டுவருவதைப் பார்ப்போம். பட்டறைக் கூலி நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, தறி எண், ஆள் பெயர், நெய்த மீட்டர், முன்பணம். இதை ஒரே அட்டவணையில் ஏற்றினால் 'செல்வம்' என்று ஒரு வாரமும் 'கே.செல்வம்' என்று மறு வாரமும் விழும். கணினி இவரை இரண்டு ஆளாக எண்ணும், முன்பணம் ஒருவரிடமும் கூலி இன்னொருவரிடமும் போய் நிற்கும். ஆட்களுக்குத் தனி அட்டவணை போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, கூலி அட்டவணையில் அந்த எண்ணை மட்டும் எழுதுங்கள். பிரைமரி கீ, ஃபாரின் கீ என்று பாடப்புத்தகம் பல பக்கம் விளக்குவது இதைத்தான். பிறகு சனிக்கிழமைக் கூலியைக் கூட்டிச் சொல்லும் சிறு பைதான் நிரலை எழுதி, நோட்டுக் கணக்கோடு சில வாரம் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்டு இறுதியில் புராஜெக்டை விலைக்கு வாங்க வேண்டிய நிலை உங்களுக்கு வராது.

ஒரு எச்சரிக்கை. முதலாளியிடம் கேட்காமல் அவர் கணக்கை வெளியே எடுத்துப் போகாதீர்கள். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் உங்கள் நிரலைப் போடும்போது ஆட்களின் பெயரையும் தொகையையும் மாற்றிவிடுங்கள்.

தேர்வு அட்டவணை வந்த அன்றே முதலாளியிடம் காட்டி விடுப்புச் சொல்லிவையுங்கள். இக்னோவில் ஜூன், டிசம்பர் என இரண்டு பருவத் தேர்வு, அசைன்மென்ட்டுக்குத் தனிக் கெடு. சேர்க்கையும் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. கடைசி நாளில் சர்வர் திணறும். அதனால் ஆதார், மதிப்பெண் பட்டியல், போட்டோவை ஸ்கேன் செய்து இந்த வாரமே தயாராக வைத்துவிடுங்கள்.