மாட்டுக்கு லோன் போடுறதுக்கு முன்னாடி சினை ஊசி தேதியைக் கேளுங்க

மாசம் பிறந்தா ஊருக்குப் பணம் அனுப்புறவங்களுக்கான பதிவு இது. "இன்னொரு மாடு வாங்கலாம், ஒரு பர்சனல் லோன் போட்டுக் கொடுப்பா"ன்னு அப்பா கேக்கறார்னு வைங்க. வட்டி விகிதத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ரெண்டு தேதி கேளுங்க. இருக்கிற மாடு கன்னு போட்டது எப்போ? சினை ஊசி போட்டது எப்போ?

கன்னு போட்டாதான் பால். சினைக்காலம் சுமார் 280 நாள். அதனால கன்னு போட்ட 3 மாசத்துக்குள்ள மறுபடி சினை பிடிச்சாதான் வருஷத்துக்கு ஒரு ஈத்து கணக்கு ஓடும். பருவம் 21 நாளைக்கு ஒரு தடவைதான் வரும், ஒரு நாள்கூட முழுசா இருக்காது. கத்தும், கண்ணாடி மாதிரி கோழை தொங்கும். காலையில பார்த்தா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் பார்த்தா மறுநாள் காலையில. சில மாடு கத்தவே கத்தாது, ஊமைப் பருவம்னு சொல்லுவாங்க. அங்கதான் பணம் போகுது.

ஒரு பருவம் தவறினா அடுத்த ஈத்து 21 நாள் தள்ளிப்போகும். தீவனச் செலவு நாளைக்கு 200 ரூபாய்னு வச்சுக்கோங்க, 4,200 ரூபாய். நாலு பருவம்னா 16,800. அந்த நாட்கள்ல கொஞ்சம் பால் இருக்கலாம், ஆனா கறவை முடியற நேரத்துப் பால் தீவனத்துக்கே கட்டாது. இந்த நஷ்டம் எந்த பேங்க் ஸ்டேட்மென்ட்லயும் வராது. அதான் யாரும் கவனிக்கறதில்ல.

இன்னொண்ணு, திரும்பக் கத்தலைன்னா சினைதான்னு நம்பிடுவாங்க. ஊசி போட்டு 2-3 மாசத்துல டாக்டர் கையால பார்த்துச் சொன்னாதான் உறுதி. வெறும் மாட்டை சினை மாடுன்னு நினைச்சு அரை வருஷம் தீனி போட்ட வீடுகள் உண்டு.

ஊசி போட்ட தேதியை வாங்கி உங்க போன் காலண்டர்ல போடுங்க. 18-ஆம் நாள்ல இருந்து 24-ஆம் நாள் வரைக்கும் காலையிலயும் சாயங்காலமும் மாட்டைப் பாக்கச் சொல்லி அம்மாவுக்கு ஒரு போன். 75-ஆம் நாள் சினைப் பரிசோதனைக்கு ஒரு ரிமைண்டர். மூணு ஊசிக்கு மேலயும் நிக்கலைன்னா நாலாவது ஊசிக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காரணம் கேக்கச் சொல்லுங்க.

(சைடுல ஒரு வரி விஷயம்: பால் வித்து வர்ற வருமானம் வருமான வரிச் சட்டப்படி விவசாய வருமானம் கிடையாது. அந்த விலக்கு இதுக்கு வராது.)

கன்னு போட்டு ஏழு மாசமாகியும் மாடு வெறுமனே நிக்குதுன்னா லோன் அப்ளிகேஷனை இப்போதைக்கு மூடி வைங்க. ரெண்டாவது மாட்டையும் அதே ஆள்தான் பாக்கப் போறார், ஈஎம்ஐ மட்டும் அடுத்த மாசமே ஆரம்பிச்சிடும்.