பெங்களூர் மேற்கே, ரயில் ஏன் தெற்கே?

அன்புள்ள தம்பிக்கு,

ஏப்ரல் விடுமுறையில் ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போனபோது, இடப்பக்க ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்த காலை வெயில் ஜோலார்பேட்டையில் வலப்பக்கத்துக்கு மாறிவிட்டது என்று எழுதியிருந்தாய். வண்டி வந்த வழியே திரும்பிவிட்டதோ என்று கேட்டதற்கு, உன் அண்ணன் "பெங்களூர் மேற்கே இருக்கு, மேற்கேதான் போறோம், சும்மா இரு" என்று அடக்கிவிட்டானாம். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. வெயிலைக் கவனித்தவன் நீ. கவனித்தவனை அடக்குவது படித்த பிள்ளை செய்கிற காரியமா?

பெங்களூர் ஆம்பூருக்கு மேற்கே, சற்றே வடக்கு சாய்ந்து இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஓர் ஊர் இருக்கும் திசை வேறு, அதற்குப் போகும் பாதையின் திசை வேறு. வரைபடம் படிப்பவர்களில் பாதிப் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இந்திய நில அளவைத் துறையின் 57 எல் என்ற தாளை எடுத்துக்கொள். பழைய வரிசைத் தாள், 1:2,50,000 அளவு. ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர். கிழக்குத் தீர்க்கரேகை 78 முதல் 79 வரை, வட அட்சரேகை 12 முதல் 13 வரை உள்ள நிலம் அதில் அடங்கும். ஆம்பூர், ஜோலார்பேட்டை, ஆந்திரத்துக் குப்பம் மூன்றும் அந்த ஒரே தாளில் இருக்கின்றன. மூன்றையும் பென்சிலால் இணைத்துப் பார். ஆம்பூரிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ஏறக்குறைய 12 செ.மீ. கோடு. கோணமானியின் மையத்தை ஆம்பூரில் வைத்து, வடக்கைச் சுழியமாகக் கொண்டு கடிகாரம் சுற்றும் பக்கமாக அளந்தால் 210 டிகிரியை ஒட்டி வரும். அது மேற்கைவிடத் தெற்கைத்தான் அதிகம் நெருங்கியது. ஜோலார்பேட்டையிலிருந்து குப்பத்துக்குக் கோடு போட்டால் 310 டிகிரியை ஒட்டி வரும், அசல் வடமேற்கு. வண்டி அங்கே 100 டிகிரி அளவுக்கு வலப்பக்கம் வளைகிறது. சூரியன் கிழக்கிலேயே இருந்தது; திரும்பியது உன் ஜன்னல். குப்பமோ ஆம்பூருக்கு ஏறக்குறைய நேர் மேற்கே, 40 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. பெரிய 'வி' எழுத்தைப் போல இறங்கி ஏறி, கிளம்பிய அட்சரேகைக்கே வந்து சேர்கிறது ரயில்.

ஏன் இந்தச் சுற்று? ரயில் வரலாறு எனக்கு விருப்பமான படிப்பு, கொஞ்சம் பொறுத்துக்கொள். 1856-ல் ராயபுரத்துக்கும் வாலாஜா ரோடுக்கும் இடையே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அந்தப் பாதையைப் போட்டவர்களின் கண் பெங்களூர் மேல் இல்லை, மேற்குக் கடற்கரைப் பேப்பூர் மேல் இருந்தது. அதற்குச் சேலம், கோயம்புத்தூர், பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போக வேண்டும். ஆகவே பாலாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே ஆம்பூர், வாணியம்பாடி என்று தென்மேற்காக ஏறி, ஏலகிரியை இடப்பக்கம் விட்டு ஜோலார்பேட்டைக்கு வந்தார்கள். 1862-ல் பேப்பூர் வரை பாதை முடிந்தது. பெங்களூர்க் கிளை ஜோலார்பேட்டையிலிருந்து பிரிந்து திறக்கப்பட்டது 1864-ல். நீ ஜன்னலில் பார்த்த திருப்பம் அந்தக் கிளை பிரிந்த இடம். பாதை மலையையும் ஆற்றையும் அதைப் போட்டவர்களின் தேவையையும் பார்த்து வளையும். அதை வைத்துத் திசை சொல்லாதே.

அடுத்தது, தாளைப் பிடிக்கும் விதம். எழுத்து நேராகத் தெரிய வேண்டும் என்று வரைபடத்தைக் கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஊரைத் தேடுகிறீர்கள். உன் அப்பா ஷூ கம்பெனியில் கட்டிங் பார்ப்பவர். முதுகுத்தண்டு வாக்கில் தோல் குறைவாக இழுபடும் என்பதைப் பார்த்து, அதற்கேற்ப டையைத் திருப்பி வைத்துத்தானே வெட்டுகிறார்? அப்படியே தாளின் வடக்கு நிலத்தின் வடக்கோடு ஒத்துப்போகும்வரை தாளைத் திருப்பு. எழுத்து தலைகீழானால் ஆகட்டும். திசைகாட்டியை இரும்பு உடம்புள்ள ரயில் பெட்டிக்குள்ளோ, காந்த மூடி போட்ட ஃபோன் பக்கத்திலோ வைக்காதே. முள் காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம் பகுதியில் ஓரிரு டிகிரிதான் வேறுபாடு; இந்தத் தாளுக்கு முள்ளே போதும்.

கைக்கடிகாரத்தின் சிறுமுள்ளைச் சூரியன் பக்கம் வைத்துத் தெற்கைக் கண்டுபிடிக்கும் வித்தையை உன் சாரணர் வகுப்பில் கற்றுக்கொடுத்தார்களாம். அது ஐரோப்பாவுக்கு எழுதிய பாடம். நமக்கு ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. அதை எண்ணிப் பார்க்காமல் புத்தகத்துக்குப் புத்தகம் நகலெடுப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. சூரியன் சரியாகக் கிழக்கே உதிப்பதும் மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமநாட்களில்தான். ஜூன் கடைசியில் கிழக்குக்கு 24 டிகிரி வடக்கேயும், டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கேயும் உதிக்கும்.

இந்த நுணுக்கத்துக்காக ஒரு வாழ்நாள் உழைத்தவர்கள் உண்டு. அல்-பிரூனியைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கஜினி நகரிலிருந்து மக்கா எந்தத் திசை என்று துல்லியமாகக் கணக்கிட, ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை நிர்ணயிப்பதைப் பற்றியே ஒரு நூல் எழுதி 1025-ல் முடித்தார். பூமி உருண்டை என்பதைக் கணக்கில் சேர்த்தார். அந்தக் கணக்கை ஆம்பூருக்குப் போட்டால் கிப்லா, அதாவது மக்காவின் திசை, ஏறத்தாழ 288 டிகிரி. பெங்களூர் 279, குப்பம் 264. வாய்ப்பேச்சில் மூன்றுமே மேற்குதான். 10 கிலோமீட்டர் நடையில் ஒரு டிகிரி பிசகினால் 175 மீட்டர் தள்ளிப்போய் நிற்பாய். அதனால் எப்போதும் டிகிரியில் சொல், எங்கே நின்று பார்க்கிறாய் என்பதையும் சேர்த்துச் சொல்.

அடுத்த கடிதத்தோடு ஒரு படம் அனுப்பு. வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வரை, ஆம்பூரிலிருந்து வேலூர் வரை, வேலூருக்கு அப்பால் என்று பாலாற்றை மூன்று துண்டாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் டிகிரி எழுது. வேலூரும் அதற்கு அப்பாலும் 57 பி தாளில் வரும், அதையும் வாங்கிக்கொள். 'பாலாறு கிழக்கு நோக்கி ஓடுகிறது' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். அண்ணனையும் பக்கத்தில் உட்காரவைத்து அளக்கச் சொல்.

அன்புடன்,
உன் ஆசிரியர்