சி மொழியில் செயலிகள்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – செய்நிரலாக்கம்

மாணவர்களே, எண்களையும் மாறிகளையும் கொண்டு கணினியிடம் ஒரு வேலையைச் செய்விக்கும் குறியே செயலி எனப்படும். வகுப்புகளில் இதனை ஒப்பரேற்றர் என்றும் சொல்வார்கள். 17 + 5 என்பதில் + செயலி ஆகும். முழுவதையும் சேர்த்துக் கோவை என்கிறோம். கணித பாடத்தில் நீங்கள் படித்த அதே கோவைதான். எனினும் ஒரு வேறுபாட்டை இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். சி மொழியின் குறிகள் கணிதக் குறிகளைப் போலத் தோன்றினாலும் எல்லா இடத்திலும் அவற்றைப் போல நடப்பதில்லை. மாணவர்கள் புள்ளிகளை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

(மாறிகளின் பெயர்களை விளக்கத்துக்காகத் தமிழில் தந்துள்ளோம். கணினியில் ஆங்கில எழுத்துகளில் எழுதுக.)

எண்கணிதச் செயலிகள்

+, -, *, /, % என்பன ஐந்து. முதல் மூன்றிலும் சிக்கல் இல்லை. வகுத்தலைக் கவனியுங்கள். இரு பக்கமும் நிறைவெண்களாயின் / தருவது ஈவு மட்டுமே. தசமப் பகுதி வெட்டப்படும், மட்டந்தட்டப்படுவதில்லை. மீதியைத் தருவது %.

17 / 5 இன் விடை 3
17 % 5 இன் விடை 2

135 நிமிடங்களை மணித்தியாலமாக மாற்ற 135 / 60 எனின் 2, 135 % 60 எனின் 15. அதாவது 2 மணித்தியாலம் 15 நிமிடம். ஓர் எண் இரட்டை எண்ணா என அறியவும் % உதவும்: 2 ஆல் வகுத்து மீதி 0 எனின் இரட்டை. % ஐத் தசம எண்களுடன் பயன்படுத்த முடியாது.

இப்போது 50 இற்கு 37 புள்ளி பெற்ற ஒருவரின் சதவீதத்தைக் காண்போம்.

சதவீதம் = 37 / 50 * 100

கணிதக் கொப்பியில் விடை 74. சி மொழியில் விடை 0! காரணம் என்ன? / உம் * உம் ஒரே முன்னுரிமை உடையவை. ஆகவே இடப்பக்கத்திலிருந்து செய்யப்படும். முதலில் 37 / 50. ஈவு 0. அதனை 100 ஆல் பெருக்கினாலும் 0 தான். நன்றாகப் படித்த பிள்ளைக்குப் பூச்சியம் போட்டு அறிக்கை அச்சாகும். கணினி எந்தப் பிழையும் காட்டாது. 37 * 100 / 50 என மாற்றி எழுதினால் 74 கிடைக்கும். 37.0 / 50 * 100 என ஒரு பக்கத்தைத் தசம எண்ணாக்குவதும் சரியான வழியே.

முன்னுரிமையில் *, /, % முதலில். + உம் - உம் பிறகு. மூன்று பாடங்களின் சராசரிக்கு 60 + 70 + 80 / 3 என எழுதினால் 80 மட்டுமே வகுக்கப்பட்டு 156 வரும். (60 + 70 + 80) / 3 என எழுதுக. சந்தேகம் வந்தால் அடைப்பு இடுங்கள். அதற்காக எவரும் புள்ளி குறைப்பதில்லை.

= உம் == உம்

பஸ்கால் மொழியில் பெறுமானம் இடுவதற்கு := உம், சமனா என ஒப்பிடுவதற்கு = உம் பயன்படும். சி மொழியில் பெறுமானம் இடுவது =, ஒப்பிடுவது ==. பஸ்கால் பழகியவர்களின் கை இங்கே தவறும்.

எண் = எண் + 1 என்பது சமன்பாடாயின் தீர்வே இல்லை. ஆனால் இது சமன்பாடு அன்று, கட்டளை. வலப்பக்கத்தைக் கணித்து இடப்பக்க மாறியில் வை என்பதே பொருள்.

இஃப் (புள்ளி = 75)

இது புள்ளி 75 ஆ எனக் கேட்கவில்லை. புள்ளியை 75 ஆக்கிவிடுகின்றது. சி மொழியில் பூச்சியம் அல்லாத எதுவும் உண்மை; 0 மட்டுமே பொய். ஆகவே நிபந்தனை எப்போதும் உண்மையாகும், பழைய புள்ளியும் அழிந்துபோகும்.

இந்த ஒரு குறியின் பெறுமதியை அறிய ஓர் உண்மைச் சம்பவம். 2003 நவம்பரில் லினக்ஸ் பணிசெயல் முறைமையின் மூலநிரற் பிரதியொன்றில் யாரோ களவாகச் சில வரிகளைச் சேர்த்தனர். பயனரின் இலக்கம் 0 ஆ என ஒப்பிடுவது போல அது தோன்றியது. ஆனால் == இருக்க வேண்டிய இடத்தில் = இருந்தது. அம்முறைமையில் இலக்கம் 0 உடையவர் சகல அதிகாரமும் உள்ள நிர்வாகி. அந்த நிரல் கணினிகளுக்குச் சென்றிருந்தால், வழி தெரிந்த எந்தச் சாதாரண பயனரும் தம்மை நிர்வாகியாக மாற்றியிருக்கலாம். பிரதி மூலத்துடன் ஒத்துப்போகாததால் உடனே பிடிபட்டது.

ஒப்பீட்டு, தருக்கச் செயலிகள்

<, <=, >, >=, ==, != ஆகியவற்றின் விடை உண்மையெனின் 1, பொய்யெனின் 0. திறமைச் சித்தி 50 முதல் 64 வரை என்பது உங்களுக்குத் தெரியும். இதனை 50 <= புள்ளி <= 64 எனக் கணிதத்தில் எழுதுவது போல எழுதலாமா? புள்ளி 20 என வைத்துப் பாருங்கள். 50 <= 20 பொய், அதாவது 0. பின்பு 0 <= 64 உண்மை! புள்ளி 90 எனினும் 1 <= 64 உண்மையே. எல்லோருக்கும் திறமைச் சித்தி. சரியான வடிவம்:

புள்ளி >= 50 && புள்ளி <= 64

&& என்பது “இரண்டும்”, || என்பது “ஏதாவது ஒன்றேனும்”, ! என்பது “அன்று”. && இன் இடப்பக்கம் பொய்யெனின் வலப்பக்கம் பார்க்கப்படுவதே இல்லை. ஆகவே பிள்ளைகள் != 0 && மொத்தம் / பிள்ளைகள் >= 35 என எழுதினால் பூச்சியத்தால் வகுக்கும் ஆபத்து நீங்கும்.

++ உம் -- உம்

1 ஐக் கூட்டுவது ++, குறைப்பது --. எண் 5 ஆக இருக்கும்போது விடை = எண்++ எனின் முதலில் பழைய பெறுமானம் எடுக்கப்படும்: விடை 5, எண் 6. விடை = ++எண் எனின் இரண்டும் 6. சில வினாத்தாள்களில் எண்++ + ++எண் என்றும் கேட்கிறார்கள். சி மொழியின் நியமப்படி இதற்கு வரையறுத்த விடை கிடையாது. ஒரு தொகுப்பான் ஒன்றைத் தரும், இன்னொன்று வேறொன்றைத் தரும். அதனை மனனம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மாதிரி வினாக்கள்

1. 7 + 20 / 6 * 2 இன் பெறுமானம் யாது?
2. எண் = 8 எனின், விடை = எண்++ * 2 இன் பின் இரு மாறிகளின் பெறுமானங்களும் யாவை?
3. புள்ளி = 30 எனின், 35 <= புள்ளி < 50 இன் விடை யாது? சரியாகத் திருத்தி எழுதுக.

விடைகள்

1. 20 / 6 இன் ஈவு 3; 3 * 2 = 6; 7 + 6 = 13.
2. விடை 16, எண் 9.
3. 35 <= 30 என்பது 0; 0 < 50 உண்மை; ஆகவே 1. திருத்தம்: புள்ளி >= 35 && புள்ளி < 50. இப்போது விடை 0.