பாடம் 9: அம்மாவை யாரிடம் ஒப்படைக்கிறோம்? முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றை மதிப்பிடுதல்

ஊருக்குத் திரும்பும் குடும்பத்தில் எல்லோரும் ஒரே நாளில் திரும்ப முடிவதில்லை. பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் பல வருடம் இருந்த குடும்பங்களுக்கு இப்போது காணி கிடைத்திருக்கலாம். ஆனால் காணியில் வீடு இல்லை. தகரக் கொட்டிலில்தான் முதல் மாதங்கள் போகும். கிணறு இறைக்க வேண்டும், மலசலகூடம் கட்ட வேண்டும். இந்த நிலையில், படுக்கையில் இருக்கும் அம்மாவையோ மறதி நோய் வந்த அப்பம்மாவையோ எங்கே வைத்திருப்பது என்ற கேள்வி வருகிறது. சில குடும்பங்கள் கொழும்பில் ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போக நினைக்கின்றன.

அப்படி நினைப்பது பாவமும் அல்ல, கைவிடுவதும் அல்ல. ஆனால் இடத்தைப் பார்க்காமல் சேர்ப்பது ஆபத்து. இல்லம் ஒன்றை எப்படிப் பார்ப்பது, என்ன கேட்பது, சேர்த்த பின் என்ன செய்வது என்பதே இந்தப் பாடம்.

1. முதலில் முதியவரிடம் கேளுங்கள்

பிள்ளைகள் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டு, கடைசி நாளில் அம்மாவுக்குச் சொல்வது பல வீடுகளில் நடக்கிறது. அவர் பயப்படுவார், சாப்பிட மறுப்பார். மறதி நோய் உள்ளவரும் தன்னைப் பற்றிப் பேசுவதை உணர்வார். “வீடு கட்டும் வரை ஆறு மாதம்” என்றால் அதைச் சொல்லுங்கள். திரும்பி வந்து அழைத்துப் போக முடியாது என்று தெரிந்தால், அந்தப் பொய்யைச் சொல்லாதீர்கள்.

அடுத்த கேள்வி தூரம். பம்பலப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஓர் இரவு பஸ் பயணம். கொழும்பில் வாராவாரம் போய்ப் பார்க்க ஒரு மகளோ மருமகனோ பெறாமகளோ இல்லாவிட்டால், ஊருக்கு அருகில் உள்ள இல்லங்களையும் விசாரியுங்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது. வவுனியாவில் கோவில்குளம் சிவன் கோவிலைச் சார்ந்த முதியோர் இல்லம் இருக்கிறது. பளிங்குத் தரை போட்ட, யாரும் வந்து பார்க்காத இல்லத்தைவிட, சாதாரணக் கட்டிடமானாலும் உறவினர் அடிக்கடி வந்துபோகும் இல்லத்தில் முதியவர் பாதுகாப்பாக இருப்பார்.

2. பதிவைப் பாருங்கள்

“நேர்சிங் ஹோம்” என்ற பெயரில் இரண்டு வகை இடங்கள் உண்டு. ஒன்று, நோயாளரை அனுமதித்துச் சிகிச்சை செய்யும் தனியார் மருத்துவ நிலையம். இது 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தனியார் சுகாதார சேவைகளை ஒழுங்குபடுத்தும் சபையில் பதிவு செய்யப்பட வேண்டும். மற்றது, முதியவர்கள் தங்கி வாழும் இல்லம். இது 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. அதற்குப் பொறுப்பான அரச நிறுவனம் முதியோருக்கான தேசிய செயலகம்.

நீங்கள் பார்க்கும் இடம் எந்த வகை என்று நேராகக் கேளுங்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அதில் உள்ள பெயர், முகவரி, காலாவதித் திகதி ஆகியவற்றை வாசியுங்கள். கொழும்பில் பல இல்லங்கள் வாடகை வீடுகளில் நடக்கின்றன. வீடு மாறினாலும் பழைய முகவரியின் சான்றிதழே சுவரில் தொங்கலாம்.

இது வெறும் கடதாசி வேலை அல்ல. 2018 பெப்ரவரியில் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில், இறந்த ஒருவரின் உடலையும் உயிரோடிருந்த முதியவர்களையும் காய்கறிகளோடு ஏற்றிவந்த வான் ஒன்றை ஊர்மக்கள் மறித்தார்கள். அதன் பிறகே அதிகாரிகள் அந்த இல்லத்துக்குள் போய்ச் சோதித்து, அங்கிருந்தவர்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. எது எப்படியிருந்தாலும், வெளியார் கண் படாத இடத்தில் நடப்பது வெளியே தெரிய நெடுநாள் ஆகும் என்பது நமக்கான பாடம்.

3. இரண்டு முறை போங்கள்

முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாம் முறை சொல்லாமல், மதியச் சாப்பாட்டு நேரத்திலோ மாலை ஆறு மணிக்குப் பிறகோ போங்கள். பகலில் நாலு பேர் வேலை செய்யும் இடத்தில் இரவில் ஒருவர் மட்டும் இருக்கலாம். விழுவது, மூச்சுத் திணறுவது, பயந்து எழுவது எல்லாம் இரவிலும் நடக்கும்.

வரவேற்பறையில் இருந்து பேசிவிட்டு வராதீர்கள். படுக்கை அறை, குளியலறை, குசினி மூன்றையும் பாருங்கள்.

*மணம்:* ஒரு கட்டிலருகே சிறுநீர் மணந்தால் அது அந்த நேரத்துச் சம்பவம். வீடு முழுவதும் மணந்தால் பம்பர்ஸ் நேரத்துக்கு மாற்றப்படுவதில்லை. கிருமிநாசினி மணம் மிகக் கடுமையாக இருந்தாலும் ஏன் என்று கேளுங்கள்.

*தண்ணீர்:* குவளை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? சிறுநீர் போகாமலிருக்கத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் இடங்கள் உண்டு. கொழும்பு வெக்கையில் அது முதியவரை விரைவில் மயக்கத்துக்கும் குழப்பத்துக்கும் கொண்டுபோகும்.

*உடம்பு:* அங்கிருப்பவர்களின் நகம், தலைமுடி, வாய், உடுப்பு சுத்தமாக உள்ளனவா? யாராவது கட்டிலிலோ கதிரையிலோ கட்டப்பட்டிருக்கிறார்களா? பகல் பத்து மணிக்கே எல்லோரும் தூங்கி வழிந்தால், என்ன குளிசை கொடுக்கப்படுகிறது என்று விசாரியுங்கள்.

*படுக்கைப் புண்:* “இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கிறது?” என்று கேளுங்கள். எழும்ப முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதைக் குறித்து வைக்கும் தாளைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல இல்லம் தயங்காமல் காட்டும்.

*குரல்:* பராமரிப்பவர்கள் முதியவரோடு எப்படிக் கதைக்கிறார்கள்? பெயரோ முறையோ சொல்லி அழைக்கிறார்களா, கட்டில் இலக்கம் சொல்லியா? கூப்பிட்டவரிடம் எவ்வளவு நேரத்தில் போகிறார்கள்? அரை மணி நேரம் ஓரிடத்தில் பேசாமல் இருந்து பாருங்கள்.

4. மொழியும் சாப்பாடும்

மறதி நோய் கூடும்போது பின்னால் கற்ற மொழி முதலில் போகும், தாய்மொழி நிற்கும். முப்பது வருடம் கொழும்பில் சிங்களம் பேசிய அப்பாவும் ஒருநாள் தமிழில் மட்டுமே கேட்பார். “நோகுது” என்பது பராமரிப்பவருக்கு விளங்காவிட்டால், நோவு கோபமாகத் தெரியும். கோபத்துக்குத் தூக்கக் குளிசை கொடுக்கப்படும்.

ஆகவே ஒவ்வொரு வேளைமாற்றத்திலும் தமிழ் தெரிந்த ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால், அம்மா பாவிக்கும் சொற்களை ஒரு மட்டையில் எழுதி, பக்கத்தில் சிங்களத்திலும் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள்: நோகுது – ரிதெனவா; தண்ணீர் – வத்துர; பசி – படகினி. “ஒண்டுக்கு” போன்ற வீட்டுச் சொற்களையும் சேருங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுபவரா, வெள்ளிக்கிழமை விரதமா, திருநீறு பூச வேண்டுமா, பூசைக்குப் போக வேண்டுமா என்பவையும் அதே மட்டையில் இருக்கட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் தட்டைப் பாருங்கள். தானே சாப்பிட முடியாதவருக்கு ஊட்ட ஆள் இருக்கிறதா, அல்லது தட்டு வைத்து அப்படியே எடுக்கப்படுகிறதா?

5. கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய கேள்விகள்

1. இரவில் எத்தனை முதியவருக்கு எத்தனை பேர்? அவர்களில் பயிற்சி பெற்றவர் யார்?
2. வைத்தியர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்?
3. மருந்தை யார் கொடுக்கிறார், எங்கே குறிக்கப்படுகிறது?
4. திடீரென்று வருத்தம் வந்தால் 1990 அம்புலன்சை அழைப்பீர்களா? எந்த வைத்தியசாலை? அரச வைத்தியசாலையில் பக்கத்தில் நிற்க யார் வருவார்?
5. எங்களுக்கு எவ்வளவு நேரத்துக்குள் அறிவிப்பீர்கள்?
6. எந்த நேரமும் வந்து பார்க்கலாமா?
7. மரணம் நேர்ந்தால் என்ன ஒழுங்கு? உடலை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை எங்கே எழுதுவது?

கடைசிக் கேள்வியைக் கேட்க வாய் வராது. ஆனால் முன்கூட்டிக் கேட்காத குடும்பம் அந்த நாளில் இரவு பஸ்ஸில் இருந்துகொண்டு தொலைபேசியில் முடிவெடுக்க வேண்டி வரும்.

6. காசும் கடதாசியும்

மாதக் கட்டணத்தில் எது அடங்கும், எது அடங்காது என்று எழுத்தில் வாங்குங்கள். பம்பர்ஸ், மருந்து, வைத்தியர் கட்டணம், வாகனம் ஆகியவை பெரும்பாலும் தனி. முற்பணம் எந்த நிலையில் திரும்பக் கிடைக்கும் என்பதும் எழுத்தில் வேண்டும். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டு பெறுங்கள்.

அடையாள அட்டையின் பிரதியை இல்லத்தில் கொடுங்கள். வங்கி அட்டை, வங்கிப் புத்தகம், காணி உறுதி எதையும் கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வைக்க விடாதீர்கள். ஓய்வூதியமோ முதியோர் கொடுப்பனவோ பெறுபவராயின், முகவரி மாற்றத்தைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். பம்பலப்பிட்டியும் வெள்ளவத்தையும் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கும், கொட்டாஞ்சேனை கொழும்பு பிரதேச செயலகத்துக்கும் உட்பட்டவை.

7. சேர்த்த பிறகு

சேர்க்கும் நாளில் நிறையை நிறுத்து எழுதுங்கள். உடம்பில் ஏற்கெனவே உள்ள காயம், தழும்பு, புண் ஆகியவற்றை இல்லத்தார் முன்னிலையில் குறியுங்கள். ஒரு மாதத்தில் நிறை நூற்றுக்கு 5 பங்கு குறைந்தால், அதாவது 50 கிலோ இருந்தவர் இரண்டரைக் கிலோ இழந்தால், வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

முடிந்தால் முதல் இரண்டு வாரம் யாராவது ஒருவர் கொழும்பில் நில்லுங்கள். ஊருக்குப் போன பின், வாரம் இரு முறை தொலைபேசியில் அம்மாவோடு நேரில் பேசுங்கள். “அவர் நித்திரை” என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தால், கொழும்பில் உள்ள ஒருவரை அன்றே அனுப்புங்கள்.

8. குறை கண்டால்

முதலில் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். திகதியோடு எழுதி வையுங்கள். திருந்தாவிட்டால் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடமோ, முதியோருக்கான தேசிய செயலகத்திடமோ முறையிடலாம். அடித்த அடையாளம், பட்டினி, கட்டிவைத்தல் ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். வைத்தியசாலைக்கு எடுத்துச் சென்று பொலிஸிலும் முறைப்பாடு செய்யுங்கள்.

பெற்றோரை வேண்டுமென்று புறக்கணிக்கக் கூடாது, அவர்களைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2000 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இல்லத்தில் சேர்த்ததோடு அந்தக் கடமை முடிவதில்லை. தேவையானதைக் கொடுக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு முதியவர் அச்சட்டத்தின் கீழுள்ள பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம்.

குடும்பமாகச் செய்யும் பயிற்சி

ஒரு தாளில் மூன்று கோடு இழுத்து நாலு நிரல் ஆக்குங்கள். முதல் நிரலில் நீங்கள் பார்த்த இல்லங்களின் பெயர். இரண்டாவதில் இரவில் இருப்போர் எண்ணிக்கை. மூன்றாவதில் தமிழ் தெரிந்தவர் உண்டா, இல்லையா. நாலாவதில், அந்த இல்லத்துக்கு வாராவாரம் போகக்கூடிய உங்கள் குடும்பத்தவரின் பெயர். நாலாவது நிரலில் எழுத ஒரு பெயரும் இல்லாவிட்டால், அந்த இல்லத்தில் சேர்க்கும் முன் ஊருக்கு அருகே இன்னும் ஓரிடத்தையாவது பாருங்கள். பிறகு தாளை அம்மாவிடம் வாசித்துக் காட்டி, அவர் சொல்வதைக் கடைசி வரியில் எழுதுங்கள்.