டெரியர் குட்டி வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

“சின்ன நாயாக ஒன்று வேண்டும், இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு ஜாக் ரஸல் டெரியர் சரிவருமா?” என்று இளையவர்கள் பலர் என்னிடம் கேட்கிறீர்கள். டெரியர்களோடு வாழ்ந்து பழகியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நாயின் உயரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது எந்த வேலைக்காக உண்டானது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

1. ஜாக் ரஸலின் உயரம் 25 முதல் 30 செ.மீ., எடை ஐந்தாறு கிலோ. அந்த அளவு மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக வந்ததில்லை. 1819-ல் ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்த ஜான் ரஸல், ஒரு பால்காரரிடம் ‘டிரம்ப்’ என்ற பெட்டை நாயை வாங்கியதில் இந்த வம்சத்தின் கதை தொடங்குகிறது. பின்னாளில் அவர் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பாதிரியாரானார். நரி வேட்டையில் தீராத பித்து. வேட்டை நாய்கள் நரியை விரட்டும், நரி வளைக்குள் புகுந்துகொள்ளும். அப்போது டெரியர் உள்ளே இறங்கிக் குரைத்தே நரியை வெளியே துரத்த வேண்டும். வளைக்குள் நுழைய ஏதுவாக, முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பு இரண்டு கைப்பிடிக்குள் அடங்கும்படி பார்த்துப் பார்த்து இனம் பெருக்கினார்கள். நரி என்று நினைத்து மற்ற நாய்கள் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக வெள்ளை நிறத்தை விரும்பினார்கள்.

அந்த இருட்டு வளைக்குள் எஜமான் குரல் எட்டாது. என்ன செய்வதென்று நாயே முடிவெடுக்க வேண்டும். மண்ணைத் தோண்ட வேண்டும், மேலே நிற்பவர்களுக்குக் கேட்கும்படி குரைக்க வேண்டும், தன்னைவிடப் பெரிய பல்லைக் கண்டும் பின்வாங்கக் கூடாது. இத்தனையையும் மனிதர்கள்தான் தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக அதற்குள் ஊட்டினார்கள். உங்கள் செம்பருத்தித் தொட்டியை அது தோண்டிப் போட்டால், கூப்பிட்டும் வராமல் நின்றால், அதைக் கெட்ட நாய் என்று அடிக்காதீர்கள். தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

2. காலையும் மாலையுமாகச் சேர்த்து ஒரு மணி நேரமாவது நடையும் ஓட்டமும் வேண்டும். மழை நாளிலும், உங்களுக்குத் தலைவலி வந்த நாளிலும் வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஆறரைக்குள் நடையை முடித்துவிடுங்கள். சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் ஆகாது. கால் களைத்தாலும் டெரியரின் மூளை களைக்காது. சோற்றுத் தட்டில் போடுவதில் பாதியை வீட்டுக்குள் மூலைமூலையாக ஒளித்து வைத்து மோப்பம் பிடித்துத் தேடச் சொல்லுங்கள். அதற்கு இதைவிட மகிழ்ச்சியான விளையாட்டு கிடையாது.

3. கணவன், மனைவி இருவரும் காலை எட்டரைக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்பும் வீடா? இப்போது வேண்டாம். நாள் முழுக்கத் தனியாகக் கிடந்தால் அது குரைத்துக்கொண்டே இருக்கும், கதவைப் பிறாண்டும். குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கத் தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியம் சொல்லியிருப்பது உண்மைதான். ஆனால் அடுத்த வீட்டில் கைக்குழந்தை தூங்கியாக வேண்டும், அதுவும் உண்மைதான்.

4. எலியும் பாம்பும். நம் ஊரில் டெரியர் வளர்ப்பவர் அதிகம் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான்.

எலியைக் கண்டால் டெரியர் விடாது. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரிலிருந்து எலிக்காய்ச்சல் நாய்க்கு வரும். ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நாயின் சிறுநீர் வழியாக வீட்டு மனிதர்களுக்கும் பரவக்கூடும். அதனால் தடுப்பூசி போடும்போது எலிக்காய்ச்சலுக்கும் அதில் பாதுகாப்பு உண்டா என்று கேட்டுப் போடுங்கள், ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள்.

எலி மருந்து அதைவிட மோசம். உங்கள் வீட்டில் வைக்காவிட்டாலும் பக்கத்துக் கடையில் வைப்பார்கள். மருந்து தின்று தள்ளாடி வரும் எலியைப் பிடிப்பது சுலபம் அல்லவா? சில மருந்துகள் ரத்தம் உறையவிடாமல் செய்பவை. நாய் இரண்டு, மூன்று நாள் நன்றாக இருப்பது போலவே தெரியும். பிறகுதான் ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும். சந்தேகம் வந்த அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், மருந்தின் அட்டை கிடைத்தால் கையோடு கொண்டு போங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் அதற்கான மாற்று மருந்தைத் தொடங்க முடியும்.

பாம்பு விஷயத்தில் தெருநாய் பல சமயம் தள்ளி நின்று குரைக்கும், டெரியர் முகத்தைக் கொண்டு போய் நீட்டும். புறநகரில் காலி மனைகளுக்கு நடுவில் வீடு என்றால் புதரை வெட்டுங்கள், செங்கல் குவியலை அகற்றுங்கள், இரவில் தோட்டத்தில் அவிழ்த்து விடாதீர்கள். கடி பட்டுவிட்டால் கீறுவதும் கட்டுப் போடுவதும் வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். மனிதர்களுக்குப் போடும் அதே விஷமுறிவு ஊசிதான் நாய்க்கும். அது எந்த ஆஸ்பத்திரியில் கையிருப்பில் இருக்கும் என்று குட்டி வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வழி தெரிந்துகொள்ளுங்கள்.

5. வாலைப் பிடித்து இழுக்கும் வயதில் குழந்தை இருந்தால் இரண்டு, மூன்று வருடம் பொறுங்கள். ஜாக் ரஸல் அன்பான நாய், ஆனால் வலியைச் சகித்துக்கொண்டு போகும் நாய் அல்ல. கோழி, முயல், பூனை உள்ள வீட்டில் கூடுதல் யோசனை வேண்டும். தெருவில் ஒருபோதும் கயிறில்லாமல் நடத்தாதீர்கள். அணில் ஓடினால் பின்னால் பாயும், லாரியைப் பார்க்காது. நாலு மடங்கு பெரிய தெருநாயிடமும் வம்புக்குப் போகும்.

6. யார்க்ஷயர் டெரியரைக் கேட்பவர்களுக்குத் தனியாக. இதன் முன்னோரும் 19-ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் நெசவாலைகளில் எலி பிடித்தவைதான். மூன்று கிலோ எடையில் அதே துணிச்சல், ஆனால் உடம்பு மெல்லியது. சோபாவிலிருந்து குதித்தே முன்னங்கால் முறியலாம். மூச்சுக்குழாய் பலவீனமாக இருக்கும் இனம், அதனால் கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டாமல் மார்புப்பட்டையில் மாட்டுங்கள். முடி மனிதத் தலைமுடி போல வளர்ந்துகொண்டே போகும். தினமும் சீவ வேண்டும், நம் ஊர் வேர்வைக் காலத்துக்குக் குட்டையாக வெட்டிவிடுவதே நல்லது. ‘டீ கப் யார்க்கி’ என்று விற்பார்கள். அப்படி ஓர் இனமே கிடையாது. அளவு மீறிச் சிறுத்த குட்டிகள் ஒரு வேளை சாப்பாடு தவறினாலும் சர்க்கரை குறைந்து மயங்கி விழும். தயவுசெய்து அந்த வியாபாரத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

7. வாங்கும் இடம். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. குட்டி ஈனச் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். தாய் நாயைக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். தாய் மிரண்டு ஒடுங்குகிறதா, பக்கத்தில் வந்து முகர்கிறதா என்று பாருங்கள். குட்டியின் குணத்தைப் பற்றி அதைவிட நல்ல தகவல் உங்களுக்குக் கிடைக்காது. கே.சி.ஐ. (இந்திய கென்னல் கிளப்) சான்று வம்சத்தைத்தான் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. ஜாக் ரஸல் வம்சங்களில் கண்வில்லை இடம் பெயர்ந்து பார்வை போகும் பரம்பரை நோய் உண்டு, பிறவிச் செவிடும் உண்டு. குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். பெற்ற நாய்களுக்கு மரபணுப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

8. மாநகராட்சி உரிமம், வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து, மாதந்தோறும் உண்ணி மருந்து. இவற்றில் எதையும் தள்ளிப் போடாதீர்கள். உண்ணி மூலம் வரும் காய்ச்சல் நம் சீதோஷ்ணத்தில் ஆண்டு முழுக்க உண்டு. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம். சாம்பார் சாதம் வேண்டாம் என்று பாட்டியிடமும் சொல்லி வையுங்கள்.

9. பதின்மூன்று முதல் பதினாறு வருடம் வாழும் நாய் இது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டால், அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போனபின் காலை நடைக்குக் கூட்டிப்போகப் போவது யார் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். எனக்குத் தெரிந்து டெரியரைக் கைவிடுபவர்களில் பலர், குட்டிப் பருவம் தாண்டிய ஒன்று, இரண்டு வயதில்தான் கைவிடுகிறார்கள். அப்படி வந்த நாய்க்கு உங்கள் வீட்டில் இடம் கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். அதன் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஏன் கொடுக்கிறார்கள் என்று நேராகக் கேளுங்கள். ஒரு மணி நேரம் அதோடு நடந்து பாருங்கள். பூனை குறுக்கே போனால் என்ன செய்கிறது, கயிற்றை எவ்வளவு இழுக்கிறது, குழந்தையின் சத்தத்துக்கு எப்படித் திரும்புகிறது என்று கவனியுங்கள். மனதுக்குப் பிடித்திருந்தால் மறுவாரம் அழைத்து வாருங்கள். சுற்றுச்சுவரில் உள்ள ஓட்டைகளையும் கேட்டுக்கு அடியில் உள்ள இடைவெளியையும் அதற்கு முந்தைய நாளே அடைத்துவிடுங்கள்.